வெட்டாத வேர்

நுழையும்முன்

கோடையில் மண்பானை நீரில் மிதக்கும் வெட்டிவேரைப் பார்த்திராதவர் தமிழகத்தில் மிகச் சிலரே. அதன் மணத்தை அறிந்த அளவிற்கு, அந்த வேரைத் தந்த புல்லை நாம் அறிந்திருக்கிறோமா? வேருக்காக வெட்டப்படும் அதே புல், வெட்டப்படாமல் நிற்கும் இடங்களில் வயல் வரப்பையும் ஏரிக்கரையையும் மலைச்சரிவையும் பிடித்து நிற்கிறது. ஒரே வேர் இவ்விரு பயன்களையும் ஒருசேரத் தர இயலாது. இப்புல்லை வளர்க்கும் முறையையும், அதனை எங்கே வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்னும் கேள்வியையும் இப்பாடம் பேசுகிறது.

பெயரும் பயணமும்

மல்லிகை என்றதும் பூ நினைவுக்கு வருகிறது. முருங்கை என்றதும் கீரையும் காயும் நினைவுக்கு வருகின்றன. வெட்டிவேர் என்றதும் நினைவுக்கு வருவது வேர் ஒன்றே. மண்ணுக்கு மேலே ஆளுயரத்திற்கு வளர்ந்து நிற்கும் புல்லை அப்பெயர் பொருட்படுத்தவே இல்லை. மண்ணிலிருந்து வெட்டி எடுக்கப்படும் வேர் என்பதே அதன் பொருள். செடியின் தோற்றமோ நிறமோ பெயராகாமல், அதனை அறுவடை செய்யும் செயலே பெயராகிவிட்டது.

இந்தப் பெயர் நெடுந்தொலைவு பயணம் செய்திருக்கிறது. கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதிக்குள் ஏறியதைப் போல, வெட்டிவேர் என்னும் தமிழ்ச்சொல் பிரெஞ்சு மொழிக்குள் புகுந்து, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் ‘வெட்டிவர்’ என வழங்கலாயிற்று. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் இதனைப் பயிரிட்டு எண்ணெய் வடித்தனர். இன்று பாரிசு நகரில் நறுமணப் புட்டியின்மேல் அச்சிடப்படும் அச்சொல், நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் வழங்கும் அதே சொல்லே ஆகும். வடஇந்தியாவில் இதனைக் ‘கஸ்’ என்பர். வடமொழியில் இதற்கு ‘உசீரம்’ என்று பெயர்.

தாவரவியலாரிடமும் இச்சொல் சிலகாலம் இடம்பெற்றிருந்தது. 1771ஆம் ஆண்டில் லின்னேயசு இப்புல்லுக்கு முதன்முதலில் அறிவியல் பெயரிட்டார். பின்வந்தோர் இதனைத் தனிப் பேரினமாகப் பிரித்து ‘வெட்டிவேரியா’ என்று அழைத்தனர். 1999இல் அப்பேரினம் ‘கிரைசோபோகன்’ என்னும் பேரினத்தோடு இணைக்கப்பட்டது. அதன்பின் இதன் அறிவியல் பெயர் ‘கிரைசோபோகன் சிசானியாய்ட்ஸ்’ என்றாயிற்று. பேரினப் பட்டியலில் தமிழ்ச்சொல் தன் இடத்தை இழந்தது நமக்குச் சற்று வருத்தம் தருவதே. எனினும் சந்தையிலும் வயலிலும் அச்சொல்லை மாற்ற எவராலும் இயலவில்லை.

புறத்தே வயிரம்

மரம், புல் என்னும் பகுப்பைத் தொல்காப்பியர் மரபியலில் வரையறுக்கிறார். உள்ளே வயிரம் பாய்ந்தது மரம்; புறத்தே வயிரம் உடையது புல். இந்த இலக்கணத்தின்படி பனையும் தென்னையும் மூங்கிலும்கூடப் புல்லினத்தைச் சேர்ந்தவை. புல்லின் உறுப்புகளுக்குத் தோடு, மடல், ஓலை, ஈர்க்கு முதலிய பெயர்களையும் அவர் வகுத்துரைக்கிறார். வெட்டிவேரின் நீண்ட இலையைத் தோடு என்றே நாமும் குறிப்பிடலாம்.

வெட்டிவேர் பல்லாண்டு வாழும் புல். அறுகம்புல்லைப் போலத் தரையில் கொடியோட்டிப் பரவும் இயல்பு இதற்கு இல்லை. நட்ட இடத்திலேயே பக்கத்தூர்களை ஈன்று, நெருங்கிய குத்தாகப் பருத்து நிற்கும். தாள்கள் விறைப்பாக நிமிர்ந்து ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை வளரும். தோடுகள் விரற்கடை அகலமும் இல்லாத குறுகிய வடிவினை உடையவை. நீண்டு, ஓரங்கள் சற்றே சொரசொரப்பாக இருக்கும். கரும்பையோ நாணலையோ பார்த்த கண்ணுக்கு இதில் வியப்பு ஏதும் தோன்றாது. ஏரிக்கரையில் நின்றால் விழல் என்று கருதிக் கடந்து போய்விடுவோம்.

தாளும் வேரும் கூடும் இடத்தைத் தூர் என்பர். வெட்டிவேரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தூர் தரைமட்டத்திலோ சற்றுக் கீழேயோ அமைந்திருப்பதால், மேலே தீப்பற்றினாலும் மாடு மேய்ந்தாலும் வண்டி ஏறினாலும் மீண்டும் தளிர்க்கிறது. வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து தூரை மூடினால், புல் அந்த வண்டலுக்குள் புதுவேர் விட்டுத் தன் தூரை மேலே உயர்த்திக்கொள்கிறது. இந்த இயல்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

மண்ணுக்குள் நிகழ்வது

பெரும்பாலான புற்களின் வேர்கள் மேல்மண்ணில் பக்கவாட்டாகப் பரவுகின்றன. வெட்டிவேரின் வேர்களோ நேர்கீழாக இறங்குகின்றன. ஏற்ற மண்ணும் நீரும் வாய்த்தால் முதல் ஆண்டிலேயே மூன்று மீட்டர் ஆழத்தைத் தொடும். ஓர் ஆளின் உயரத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு அது. பக்கவாட்டில் அதிகம் பரவாமையால் அருகில் உள்ள பயிரின் உணவிலும் நீரிலும் இது பெரும்பங்கு கேட்பதில்லை.

ஒவ்வொரு வேரும் நூலைப் போன்றது. தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆயினும் அதன் இழுவலிமை பெரிது. 1996இல் மலேசியாவில் நடந்த ஆய்வு ஒன்று அதனைச் சராசரியாக 75 மெகாபாசுகல் என்று அளந்தது. இந்த எண்ணை எளிதாகச் சொல்வதானால், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள வேர் அறுபடாமல் ஏறத்தாழ ஏழரைக் கிலோகிராம் எடையைத் தாங்கும். கட்டடங்களில் பயன்படும் மென் எஃகின் வலிமையில் இது ஆறில் ஒரு பங்கு. ஒரு குத்தின் கீழே இத்தகைய வேர்கள் கற்றை கற்றையாக இறங்கி நிற்கின்றன. காரைக்குள் கம்பி கட்டுவது போல, மண்ணுக்குள் அவை ஒரு கட்டுமானத்தை உண்டாக்குகின்றன.

வறட்சியில் மேற்பகுதி காய்ந்தாலும் ஆழத்தில் உள்ள ஈரத்தை வேர் தேடிக்கொள்ளும். நீர் தேங்கிய நிலத்திலும் இது அழுகுவதில்லை. உவர்மண், அமிலமண், சுரங்கக் கழிவுமண் ஆகியவற்றிலும் பிழைத்திருக்கிறது. கழிவுநீரில் உள்ள நைட்ரசன், பாசுபரசு ஆகியவற்றை மிகுதியாக உறிஞ்சுவதால் பல நாடுகளில் கழிவுநீர்த் தூய்மைக்கும் இதனைப் பயன்படுத்துகின்றனர். இவ்வளவு பொறுக்கும் புல்லால் பொறுக்க இயலாத ஒன்று நிழல். அடர்ந்த மரநிழலில் இது நாளடைவில் மெலிந்து அழியும்.

விதை நம்பாப் பயிர்

வெட்டிவேரில் இருவகை உண்டு. வடஇந்திய ஆற்றங்கரைச் சமவெளிகளில், குறிப்பாக இராசத்தானின் பரத்பூர்ப் பகுதியில், காட்டுப்புல்லாக வளரும் வகை பூத்து, விதைத்து, விதையால் பரவும். தென்னிந்தியாவில் பயிரிடப்பட்டுவரும் வகையோ பூத்தாலும் முளைக்கும் விதையைத் தருவதில்லை. தூரைப் பிரித்து நட்டே இதனைப் பெருக்க வேண்டும். மனிதர் கை படாமல் இது ஓர் அடிகூட நகராது என்று சொல்லலாம்.

குறையாகத் தோன்றும் இப்பண்பே இதன் பெருஞ்சிறப்பு. பயன் கருதி ஒரு நாட்டிற்குள் கொண்டுவரப்பட்ட செடி, பின்னர் களையாகப் பெருகித் தொல்லை தந்த கதையைச் சீமைக்கருவேலத்தால் தமிழ்நாடு நன்கறியும். முளைக்கும் விதை இல்லாத வெட்டிவேர் நட்ட வரிசையை விட்டு வெளியேறுவதில்லை. ஆதலால்தான் பிற நாடுகள் அச்சமின்றி இதனை ஏற்றுக்கொண்டன. வெப்ப நாடுகள் பலவற்றில் மண்காப்புக்காக வளர்க்கப்படும் புற்களின் மரபணுவைத் தாவரவியலார் ஒப்பிட்டபோது, அவற்றுள் பெரும்பாலானவை தென்னிந்திய வகையை ஒத்த ஒரே செடியின் வழிவந்தவை எனத் தெரிந்தது. விதையின்றித் தூரிலிருந்து தூராகக் கைமாறியே இது உலகைச் சுற்றியிருக்கிறது.

நடுவதற்குரிய கன்றை ஆயத்தம் செய்யும் முறை எளியது. நன்கு முதிர்ந்த குத்து ஒன்றை வேரோடு தோண்டி எடுத்து, மண்ணை உதற வேண்டும். பின்னர் இரண்டு அல்லது மூன்று தாள்கள் ஒன்றாக இருக்குமாறு தூரைப் பிரிக்க வேண்டும். தனித்தாளாகப் பிரித்தால் கன்றுகளின் எண்ணிக்கை கூடும், பிழைப்பவை குறையும். தாளைத் தூருக்கு மேலே ஒரு சாண் அளவு விட்டு நறுக்கிவிட வேண்டும். இல்லையேல் இலைவழியே நீர் ஆவியாகிக் கன்று வாடும். வேரையும் நான்கு விரற்கடை அளவிற்குக் கத்தரிக்க வேண்டும். நீண்ட வேரைக் குழிக்குள் மடித்துத் திணிப்பது புதிதாக நடுவோர் செய்யும் தவறு. மடிந்த வேர் நேர்கீழாக இறங்காது. பிரித்த கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, இயன்றவரை விரைவில் நட்டுவிட வேண்டும்.

மணலில் ஓர் அறுவடை

வேருக்காகப் பயிரிடுவோர் தேடுவது மணற்பாங்கான நிலத்தை. களிமண்ணிலும் புல் செழிக்கும். ஆனால் வேரை முழுமையாக எடுக்க முடியாது. எடுத்தாலும் ஒட்டிய களியைக் கழுவி முடியாது. கடலூர் மாவட்டத்தின் கடற்கரையோர மணற்பரப்பு இப்பயிருக்கு இடமளித்ததன் காரணம் இதுவே. தளர்ந்த மணலில் வேர் தடையின்றி இறங்குகிறது. தோண்டும்போது அறுபடாமல் வெளிவருகிறது.

நிலத்தை ஆழ உழுது, தொழுவுரம் இட்டு, பருவமழை தொடங்கும்போது கன்றுகளை நடுவர். வரிசைக்கு வரிசை 60 செ.மீ. இடைவெளியும், கன்றுக்குக் கன்று 30 முதல் 45 செ.மீ. இடைவெளியும் விடுவது வழக்கம். இக்கணக்கின்படி ஓர் ஏக்கருக்கு 15,000 முதல் 22,000 கன்றுகள் வரை வேண்டும். நட்ட முதல் மாதத்தில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று நான்கு மாதங்களில் களையெடுப்பும் தேவை. அதன்பின் புல்லே நிழல்படிந்து களையை அடக்கிவிடும். பூச்சியும் நோயும் இதனை அதிகம் அண்டுவதில்லை. ஓராண்டு கடந்தபின் இடையிடையே தாளை அறுத்துவிட்டால் புதுத்தூர் பெருகும்.

அறுவடைக்கு 15 முதல் 18 மாதங்கள் ஆகும். இளவேரில் எண்ணெய் குறைவு, மணமும் மெலிது. மிக முதிர விட்டாலோ வேர் நார்த்தன்மை மிகுந்து எண்ணெய் வற்றத் தொடங்கும். மழைக்காலம் முடிந்து மண் உலரும் பருவத்தில், தாளை அடியோடு அறுத்துவிட்டு வரிசையின் பக்கவாட்டில் பள்ளம் பறித்துக் குத்துகளைச் சாய்த்து எடுப்பர். மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் செய்யும் இவ்வேலை கடுமையானது. ஆள்கூலியே செலவின் பெரும்பகுதியாக இருப்பதால் இன்று பல இடங்களில் பொக்லைன் எந்திரத்தைக் கொண்டு தோண்டுகின்றனர். தோண்டிய குத்திலிருந்து வேரை அறுத்துக் கழுவி நிழலில் உலர்த்துவர். தூரைத் தூக்கி எறிவதில்லை. அதுவே அடுத்த நடவுக்குரிய கன்று.

உலர்ந்த வேரின் ஒரு பகுதி தட்டியாகவும் விசிறியாகவும் மாலையாகவும் பாயாகவும் மாறுகிறது. வாயிலில் தொங்கும் வெட்டிவேர்த் தட்டியின்மேல் நீர் தெளித்தால், வறண்ட காற்று ஈரத்தை ஆவியாக்கித் தான் குளிர்ந்து உள்ளே வருகிறது. மின்விசிறி வராத காலத்தில் வடநாட்டு அலுவலகங்களும் மாளிகைகளும் கோடையைக் கழித்தது இத்தட்டிகளின் துணையால்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த நம் கடற்கரை ஊர்களில் குளிர்ச்சி அந்த அளவிற்கு இராது. மணம் மட்டும் குறையாது. புடைவைகளுக்கும் நூல்களுக்கும் இடையே வேரை வைத்துப் பூச்சி அண்டாமல் காப்பதும் பழைய வழக்கம்.

எஞ்சியது வாலைக்குச் செல்கிறது. மல்லிகையின் மணத்தைப் போல வெட்டிவேரின் மணம் எளிதில் பறந்து போவதன்று. எண்ணெய் கெட்டியானது, நீராவியோடு மெல்ல மெல்லவே வெளிவருவது. அதனால் உலர்ந்த வேரை நீரில் ஊறவைத்து, நறுக்கி, பல மணிநேரம், சில இடங்களில் ஒரு நாளுக்கும் மேலாக, நீராவி செலுத்தி வடிக்கின்றனர். பொதுவாக நூறு கிலோகிராம் வேரிலிருந்து ஒரு கிலோகிராம் அளவிலேயே எண்ணெய் கிடைக்கும். உத்தரப்பிரதேசத்தின் கன்னௌசி நகரில் செப்புக் கலங்களைக் கொண்டு வடிக்கும் பழைய முறை இன்றும் தொடர்கிறது. மெல்ல ஆவியாகும் பண்பினால், பிற மணங்கள் விரைவில் பறந்துவிடாமல் பிடித்து வைக்கும் அடிப்பொருளாக நறுமணத் தொழிலில் இவ்வெண்ணெய் இடம்பெறுகிறது. மண்ணைப் பிடிக்கும் வேர் மணத்தையும் பிடிக்கிறது.

வேலியாக நிற்கும் புல்

இதுவரை பேசியது வெட்டிய வேரைப் பற்றியது. வெட்டாத வேரின் கதை வேறு.

தமிழ்நாட்டின் எல்லையை அடுத்துள்ள கருநாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பகுதியில், உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வயலின் எல்லையில் வெட்டிவேரை வேலியாக நட்டுவந்தனர். எல்லை மாறாமல் நிற்கவும், மழைநீர் மண்ணை அடித்துச் செல்லாமல் தடுக்கவும் அது பயன்பட்டது. வேருக்காக அவர்கள் அதனைத் தோண்டவில்லை. சான் கிரீன்ஃபீல்டு என்னும் வேளாண் வல்லுநர் 1950களில் பிஜித் தீவில், சரிவான கரும்பு நிலங்களில் இப்புல்லை வரிசையாக நட்டு மண்ணரிப்பைத் தடுத்துக் காட்டியவர். 1980களில் அவர் உலக வங்கியின் பணிக்காக இந்தியா வந்தபோது, அவரும் உடன்பணியாற்றிய ரிச்சர்டு கிரிம்சாவும் இம்முறையைச் சிறு கையேடாக எழுதிப் பரப்பினர். 1993இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் இதனைப் பற்றித் தனிநூலே வெளியிட்டது. தாய்லாந்தில் மன்னர் பூமிபால் 1991 முதல் இதனைத் தம் நாட்டுப் பணியாகவே முன்னெடுத்தார். 1996இல் முதல் பன்னாட்டு வெட்டிவேர் மாநாடு அந்நாட்டின் சியாங்ராய் நகரில் கூடியது. வியட்நாமில் நெடுஞ்சாலைச் சரிவுகளை இப்புல் காத்துவருகிறது. குண்டலுப்பேட்டை உழவர்க்கு இவற்றில் புதிதாகக் கற்க அதிகம் இருந்திராது.

புல்வேலி செயல்படும் விதத்தைக் காண்போம். சரிவில் விழும் மழைநீர் கீழே ஓட ஓட விரைவு பெறுகிறது. விரைவு கூடக் கூட அது சுமக்கும் மண்ணின் அளவும் கூடுகிறது. சரிவின் குறுக்கே நெருக்கமாக நிற்கும் வெட்டிவேர் வரிசையை அந்நீர் வந்தடையும்போது, விறைப்பான தாள்கள் அதன் விரைவைத் தணிக்கின்றன. நீர் தேங்கிப் பரவி, தாள்களின் இடைவழியே மெல்லக் கசிந்து கீழே செல்கிறது. சுமந்துவந்த மண்ணை மேற்புறத்திலேயே இறக்கிவிடுகிறது. நீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. ஆண்டுதோறும் மண் படியப் படிய, முன்னர் சொன்னபடி, புல் தன் தூரை உயர்த்திக்கொள்கிறது. சில ஆண்டுகளில் வேலியின் மேற்புறம் மட்டமாகி, எவரும் வெட்டாத படிக்கட்டு வயல் அங்கே உருவாகிவிடுகிறது. கல்வரப்பும் மண்வரப்பும் நாளடைவில் சிதையும். இவ்வரப்போ நாளடைவில் வளர்கிறது.

வேலிக்கான நடவு வேர்ப்பயிர் நடவினின்றும் வேறுபட்டது. இங்கே கன்றுக்குக் கன்று 10 முதல் 15 செ.மீ. இடைவெளியே இருக்க வேண்டும். நூறு மீட்டர் வேலிக்கு எழுநூறு முதல் ஆயிரம் கன்றுகள் தேவை. ஒரு வேலிக்கும் அடுத்த வேலிக்கும் இடையே உயர வேறுபாடு ஒன்று முதல் இரண்டு மீட்டருக்குள் அமைவது நன்று. நூறு மீட்டர் தொலைவில் ஐந்து மீட்டர் இறங்கும் நிலத்தை எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டர் உயர வேறுபாட்டிற்கு இருபது மீட்டருக்கு ஒரு வேலி என்று கணக்காகும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, வரிசை சமஉயரக் கோட்டில் அமைவது. கண்ணளவில் கோடு போட்டால் ஏமாந்துபோவோம். வரிசை ஒருபக்கம் சாய்ந்தால் நீர் அப்பக்கமே ஓடிக் குவிந்து, ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு வாய்க்கால் பறித்துவிடும். வேலி இல்லாத நிலத்தைவிட அந்நிலத்தின் அழிவு பெரிதாகும். சமஉயரக் கோட்டைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆங்கில ‘ஏ’ எழுத்தின் வடிவில் இரண்டு நீண்ட கழிகளையும் ஒரு குறுக்குக் கழியையும் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் போதும். சட்டத்தை நிலத்தில் ஊன்றி, இரு கால்களும் நின்ற இடங்களைக் குறித்துக்கொண்டு, கயிறு குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பின்னர் கால்களை இடம் மாற்றி அதே புள்ளிகளில் ஊன்றி மறுகோடு போடுங்கள். இரண்டு கோடுகளின் நடுப்புள்ளியே மட்டத்தின் அடையாளம். இனி, சரிவில் ஒரு காலை ஊன்றி, கயிறு நடுப்புள்ளியில் நிற்கும் வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்துங்கள். நின்றதும் அங்கே ஒரு முளையடித்து, அந்த முளையிலிருந்து அடுத்த அடியைத் தொடங்குங்கள். முளைகளை இணைக்கும் கோடு வளைந்து நெளிந்து செல்லும். அதனை நேராக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

நட்ட முதலாண்டில் பட்டுப்போன கன்றுகளுக்கு மாற்றாக உடனே புதியன நட வேண்டும். வேலி முழுதும் நெருங்கி மூட இரண்டு மூன்று மழைக்காலங்கள் ஆகும். அதுவரை ஆடுமாடுகளின் கடியிலிருந்து காப்பது நன்று. பின்னர் ஆண்டுக்கு ஓரிருமுறை முழங்கால் உயரத்திற்குத் தாளை அறுத்துவிட்டால் புதுத்தூர்கள் தோன்றி வேலி இறுகும். அறுத்த தாள் கூரை வேயவும், பயிரின் அடியில் மூடாக்காகவும் ஆகும். இளந்தாளை மாடு தின்னும்.

இரண்டும் ஒன்றாகா

வேலி மூன்று நான்கு ஆண்டுகளில் செழித்து நிற்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. கீழே இத்தனை வேர் இருக்கிறது. சந்தையில் அதற்கு விலையும் இருக்கிறது. தோண்டினால் என்ன?

இக்கேள்விக்கு எய்ட்டி நாடு தன் மண்ணைக் கொண்டே விடை சொல்லியிருக்கிறது. கரீபியக் கடலில் உள்ள அந்நாடு, வெட்டிவேர் எண்ணெய் உற்பத்தியில் உலகின் முன்னணியில் நிற்பது. அதன் தென்பகுதியில் லே காயே நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் சிறு உழவர்கள் இதனைப் பயிரிடுகின்றனர். மண்ணைக் காக்க இதனினும் சிறந்த புல் இல்லை என்று உலகம் போற்றும் அதே புல், அக்குன்றுகளில் மண்ணரிப்புக்குக் காரணமானது. செங்குத்தான சரிவில் வேரைத் தோண்டி எடுத்தவுடன் ஆழம் வரை கிளறப்பட்ட மண் வெறுமையாகக் கிடக்கிறது. அடுத்த மழை அதனைக் கடலுக்குக் கொண்டுசெல்கிறது. புல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. பயிர் முதிரும் வரை வருமானம் இல்லாத ஏழை உழவர், பள்ளிக் கட்டணத்திற்கோ மருத்துவத்திற்கோ பணம் வேண்டியபோது, முதிரும் முன்னரே தோண்டி விற்கிறார். இளவேரில் எண்ணெய் குறைவு. ஆதலால் விலையும் குறைவு. அடுத்த முறை இன்னும் விரைவாகத் தோண்ட வேண்டிய நிலை வருகிறது. ஒவ்வொரு தோண்டலிலும் மண் குறைகிறது.

இந்தச் சிக்கல் எய்ட்டிக்கு மட்டும் உரியதன்று. வேரையே பெயராகக் கொண்ட பயிரை வளர்க்கும் எவர்க்கும் உரியது. வெட்டிவேரைப் பரிந்துரைப்போர் சிலர், மண்ணும் காக்கும், எண்ணெயும் தரும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றனர். இரண்டும் உண்மை, ஆனால் ஒரே குத்திலிருந்து இரண்டையும் பெற இயலாது. நடும்போதே எது வேலி, எது பயிர் என்று பிரித்துவிட வேண்டும். கடலூர் மணலைப் போன்ற மட்டமான நிலத்தில் வேருக்காக நடலாம். அங்கே தோண்டியபின் நீர் மண்ணை இழுத்துச்செல்லும் சரிவு இல்லை. சரிவுநிலத்தில் நட்டது வேலி. அதன் தாளை அறுக்கலாம், வேரைத் தொடலாகாது. சரிவிலும் வேர்ப்பயிர் செய்தே தீர வேண்டும் என்றால், என்றும் தோண்டாத வேலி வரிசைகளுக்கு இடையே மட்டும் அதனை வளர்த்து, ஒரு பட்டையை விட்டு ஒரு பட்டையாகத் தோண்டி, தோண்டிய அன்றே கன்றுகளை மீண்டும் நட வேண்டும். அப்போதும் இழப்பு இருக்கும், குறைவாக இருக்கும்.

வேலியாக நிற்கும் வெட்டிவேரின் பயனை எடைபோட்டு விற்க முடியாது. வேர் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசலாம். வயலில் தங்கிய மண்ணுக்கும் கிணற்றில் ஏறிய நீருக்கும் யாரும் பணம் தருவதில்லை. உழவரை மட்டும் தோண்டாதே என்று சொல்வது முறையன்று. சரிவில் நிற்கும் வேலியால் பயன்பெறுவோர் கீழே உள்ள ஏரிக்காரர்கள், சாலையில் செல்வோர், ஆற்றுநீர் குடிக்கும் நகரத்தார். அச்செலவில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பது இப்பாடத்தை எழுதுவோரின் கருத்து.

எட்டாத ஆழம்

வெட்டிவேரைப் பற்றி எழுதுவோர் அதன் புகழில் மயங்கி, எல்லா நிலச்சரிவையும் இது தடுக்கும் என்பதுண்டு. அது சரியன்று. வேர் இறங்குவது மூன்று, நான்கு மீட்டர். மேற்பரப்பு மண் வழுக்குவதை அது தடுக்கும். பாறைக்கும் மண்ணுக்கும் இடையே பத்து மீட்டர் ஆழத்தில் நீர் புகுந்து, ஒரு குன்றின் பக்கமே பெயர்ந்து இறங்கும்போது, மேலே நிற்கும் புல்லும் அதனோடு சேர்ந்தே இறங்கும். மலைச்சரிவைச் செங்குத்தாக வெட்டி வீடு கட்டியபின், விளிம்பில் இரண்டு வரிசை வெட்டிவேர் நட்டுவிட்டால் காப்பு ஆகிவிடாது. அத்தகைய இடங்களில் வடிகாலும் தாங்குசுவரும் முதலில் வேண்டும். புல் அவற்றுக்குத் துணையாக வரும்.

மரங்கள் வளர்ந்து நிழல் விழும் இடத்திலும் இதன் பணி முடிந்துவிடுகிறது. வெறுமையான சரிவில் முதலில் வெட்டிவேர் நின்று மண்ணைப் பிடிக்கிறது. அம்மண்ணில் ஊரின் இயல்பான செடிகளும் மரங்களும் வேர்கொள்கின்றன. அவற்றின் நிழல் அடரும்போது வெட்டிவேர் மெலிந்து மறைகிறது. அங்கே அதன் தூரைத் தோண்டி எடுத்து, அடுத்த வெற்றுச்சரிவிற்குக் கொண்டுசெல்லலாம்.

கற்பவை கற்றபின்

பாடத்தில் விளக்கிய ‘ஏ’ வடிவச் சட்டத்தைக் குழுவாகச் செய்து, பள்ளி வளாகத்திலோ அருகில் உள்ள சரிவான நிலத்திலோ ஒரு சமஉயரக் கோட்டை முளையடித்துக் காட்டுக. அக்கோட்டில் வேலி அமைக்க எத்தனை கன்றுகள் தேவைப்படும் எனக் கணக்கிடுக.

உங்கள் ஊரில் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லும் இடம் ஒன்றைக் கண்டு, அங்கே வெட்டிவேர் பயன்படுமா, பயன்படாதா என்பதைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.